செலரான் போதும்

காபித் தட்டை நீட்டிய செல்லக்கனி, கொடுத்த கையோடு உள்ளே போய்விடவில்லை. எதிரே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"பெண்டியம் 133-ல கார் ரேஸ் விளையாண்டா வளைவுல திக்குது. பிராசசரை மட்டும் மாத்துனாப் போதுமா, மதர் போர்டையும் மாத்தணுமா?"

பெண் பார்க்க வந்திருந்த சோலைராஜுக்கு வாய்க்குப் போன காபி பாதி வழியில் நின்றது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறவன் அவன். கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கம்ப்யூட்டர் ஜாதகம் போடுகிற ஜோசியர்கள். மீதியில் முக்கால்வாசி ரைஸ் மில் கணக்குப்பிள்ளைகள். கேம் விளையாடக் கேட்டு வருகிற காலேஜ் பையன்களுக்கும் எது பெரிய பிராசசர் என்பதுதான் பேச்சு. அது எந்தப் போர்டில் உட்காரும் என்று தானாக வாய் திறந்து கேட்ட ஒரு ஆளை அவன் பார்த்ததில்லை.

இப்போது பார்த்துவிட்டான். பட்டுச்சேலையில், தலை நிறையக் கனகாம்பரத்தோடு.

"திக்குது" என்று அவள் சொன்ன இடத்திலேயே மனசு அவளிடம் போய்விட்டது. மறைப்பானேன், கட்டினால் இவளைத்தான் கட்ட வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவுசெய்துவிட்டான்.

அவன் வாயைத் திறப்பதற்குள் அவனோடு வந்திருந்த தாய்மாமன் சங்கையா முந்திக்கொண்டார். சபை என்று ஒன்று கூடிவிட்டால் அவருக்கு நாக்கு சும்மா இருக்காது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? இருக்கதுலயே பெருசு பெண்டியம் டூ. அதையே போட்டுருவோம். நம்ம கடையில இல்லாததா?"

பெண்ணின் அப்பா ராஜரத்தினம் ராஜபாளையத்தில் பஞ்சு வியாபாரம் செய்கிறவர். சாம்பிள் பஞ்சை விரலில் பிரித்துப் பார்க்கிற மாதிரி மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். சமையலறை வாசலில் நின்ற பெண்ணின் அம்மா வெள்ளத்தாய்க்கு, மாமாவின் பேச்சு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது.

ஆமாம் மாமா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கைதாராளமான மாப்பிள்ளை என்று பேர் கிடைத்துவிடும். ஏற்கெனவே இரண்டு இடம், கடை வியாபாரத்தை நம்பிப் பெண் கொடுக்க முடியாது என்று தட்டிக்கழித்திருந்தது. இதுவும் தட்டிப்போனால் தாங்காது.

சோலைராஜ் டம்ளரைக் கீழே வைத்தான்.

"பெண்டியம் டூ வேண்டாங்க. வீட்ல விளையாட அதைவிட விலை குறைஞ்ச செலரான் போதும். ஆனா போர்டு மட்டும் நல்லதாப் போடணும். பழைய போர்டுல புதுப் பிராசசர் உக்காராது. போர்டு நல்லதா இருந்தா, பின்னால வேணுங்கிறப்போ பிராசசரை மட்டும் பெருசாக்கிக்கிடலாம். மிச்சமாகிற பணத்துக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு போடுங்க. வளைவுல திக்காது."

வெள்ளத்தாயின் முகம் சுருங்கிப்போனது. மாப்பிள்ளை இம்புட்டுக் கஞ்சனா என்று அவள் நினைத்தது நெற்றியிலேயே தெரிந்தது.

"கெடுத்தியேலே" என்று மாமா காதுக்குள் சொல்லி, தொடையில் ஒரு கிள்ளும் கிள்ளினார்.

செல்லக்கனி எழுந்தாள். எழுந்து உள்ளே போகப்போகிறாள், அவ்வளவுதான் என்று நினைத்தான் சோலைராஜ். அவளோ மூலையில் இருந்த மேஜைக்குப் போய், பூவேலை செய்த துணி உறையை உருவினாள். உள்ளே கம்ப்யூட்டர். ஸ்குரூ டிரைவரை எடுத்து அவன் பக்கம் நீட்டினாள்.

"திறந்து பாத்துட்டே சொல்லுங்களேன்."

பெண் பார்க்கப் போன இடத்தில் ஸ்குரூ கழற்றிய முதல் மாப்பிள்ளை அவனாகத்தான் இருப்பான். வெள்ளைச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கேபினெட்டின் பக்கத் தகட்டை இழுத்தான்.

உள்ளே பழைய போர்டு இல்லை. அவன் இப்போது சொன்ன அதே மாதிரிப் போர்டு. அதில் செலரான். பக்கத்தில் கிராபிக்ஸ் கார்டு.

வயர்கள் எல்லாம் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன, நீலச் சாயம் போட்ட மில் நூலால்.

எல்லாக் கடையிலும் வயரைப் பிளாஸ்டிக் பட்டையால்தான் கட்டுவார்கள். கோன் நூலை நாலு இழையாக முறுக்கி, இழுத்தால் அவிழ்கிற சுருக்குப் போட்டுக் கட்டுகிறவன் இந்த வட்டாரத்தில் ஒரே ஒரு ஆள்தான். அந்தச் சுருக்கில் சோலைராஜின் விரல் நின்றது.

கார்த்திகையில் ஒரு வேன் டிரைவர் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து, பெண்டியம் டூதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவரிடம் மல்லுக்கட்டி இதை மாட்டி அனுப்பியது அவனுக்கு ஞாபகம் வந்தது.

செல்லக்கனி அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"எங்க வேன் ஓட்டுற மாரிச்சாமி அண்ணன்ட்டயும் இதையேதான் சொன்னீங்க. பெருசுதான் வேணும்னு அடம்பிடிக்கச் சொல்லி அனுப்புனது நாந்தான். அதுக்குப் பொறவுதான் தரகரை உங்க வீட்டுக்கு அனுப்பச் சொல்லி அப்பாட்டச் சொன்னேன்."

சோலைராஜ் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தான். பெண் பார்க்க வந்தது தான்தான் என்று இவ்வளவு நேரமும் நினைத்துக்கொண்டிருந்தான். அடேயப்பா, என்ன பெண்ணடா இவள் என்று நெஞ்சு நிறைந்து போயிற்று.

அவள் சமையலறைப் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"அம்மா, இலை போடுங்க. அவிய கை நனைச்சிட்டுத்தான் போவாக."

சங்கையா மாமா, பெண்டியம் டூ என்று தான் சொன்னதில்தான் சம்பந்தம் முடிவானது என்ற நிம்மதியில் கை கழுவ எழுந்தார்.