ஒன்பதுக்கான கோடு

பழைய துணிக்கடையில் வாங்கிய பெரிய ஆள் சட்டையை ஆறு வயது மகளுக்குக் கவுனாகத் தைக்க, அம்மா தையலைப் பிரித்தாள். உட்பக்கம் யாரோ ஏற்கெனவே சாக்பீஸால் குழந்தை அளவு குறித்திருந்தார்கள். மகளை நிறுத்தி அளந்தாள். மார்பு இருபத்துமூன்று அங்குலம், சரியாக இருந்தது. தொட்டிலிலிருந்து விழுந்ததில் அரை அங்குலம் தாழ்ந்துபோன அவள் வலது தோளுக்கும் குறி அதே அரை அங்குலம் தாழ்ந்தே இருந்தது.

கீழே மூன்று கோடுகள். பக்கத்தில் ஆறு, ஏழு, எட்டு என்று எழுதியிருந்தது. அதற்கும் கீழே நாலு விரல் வெறும் துணி.

"எதுக்கும்மா மூணு கோடு?"

"நீ வளர வளரப் பிரிச்சு விடத்தான் கண்ணு."

"அப்போ ஒம்பதுக்கு?"

அம்மா சாக்பீஸை எடுத்தாள். "இதோ, நானே போடுறேன்" என்று அழுத்தி இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். பொடி மடியில் உதிர்ந்தது. துணியில் கோடு விழவில்லை.