தைலத்தின் மகிமை

தைலப் புட்டி திறக்கவில்லை.

காலையில் எழுந்ததும் அவளுக்கு முதல் வேலை தைலம்தான். இன்னொரு முறை திருகிப் பார்த்தாள். கட்டைவிரல் மூட்டில் சுரீரென்று வலித்ததுதான் மிச்சம்.

தபால் நிலையத்தில் முப்பது வருடம் முத்திரை குத்திய கை. ஓய்வு பெற்ற பிறகு விரல் மூட்டெல்லாம் வீங்கி, ஒரு டப்பாவைத் திறக்கக்கூடக் கணவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. அவரோ குழாய் ஃபிட்டராக இருந்தவர். எறும்பு வரக்கூடாது என்று எல்லா மூடியையும், சொட்டக்கூடாது என்று எல்லாக் குழாயையும் உடும்புப்பிடியாக இறுக்கிவிட்டுத்தான் படுக்கப் போவார். அதற்குத் தினமும் ஒரு சண்டை.

தைலம் வாங்கிய பத்தாம் நாள் மூடிகள் தொட்டதும் திறந்துகொண்டன. ஆறு மாதமாகத் தெருவில் யாருக்குக் கை வலித்தாலும் இவள் விடுவதில்லை, தைலத்தின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை. நேற்றுகூட மகளிடம் போனில், அவர் காதில் விழும்படியே சொன்னாள்.

"இப்பல்லாம் நானே எல்லாத்தையும் திறந்துடறேன்டி. உங்கப்பா தயவு ஒண்ணும் வேண்டாம்."

அவர் செய்தித்தாளுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டார்.

புட்டியை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். சர்க்கரை டப்பா அசையவில்லை. காபித்தூள் டப்பாவும் அப்படியே. குழாய் இம்மியும் நகரவில்லை.

ஒரே இரவில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டதா? அவளுக்கு அழுகையே வந்தது. கையைப் பார்த்தாள். வீக்கம் நேற்று இருந்த அளவுதான்.

மூடியைப் பற்றித் திருக, மேடை மேல் கிடக்கும் அவருடைய அழுக்குத் துணியைத் தேடினாள். ஃபிட்டர் வேலைக் காலத்துத் துணி. காலையில் நடக்கப் போகிறவர் எதற்காக அதை இங்கே போட்டுவிட்டுப் போகிறார் என்று அவள் திட்டாத நாளில்லை.

இன்று மேடை காலியாக இருந்தது. துணி ஆணியில் தொங்கியது, ராத்திரி அவர் மாட்டி வைத்தபடி.

அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தைலமாவது, மண்ணாங்கட்டியாவது. தினமும் அவள் எழுமுன் இந்த மனுஷன் ஒவ்வொன்றாகத் தளர்த்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தைலப் புட்டியைக்கூட.

வரட்டும், வாசலிலேயே வைத்துக் கேட்டுவிடலாம் என்று முன்கதவுக்குப் போனாள்.

தாழ்ப்பாள் உள்பக்கம் போட்டபடி இருந்தது. கீழே அவருடைய செருப்புகள்.



"என்னங்க," என்று கூப்பிட்டாள்.

குறட்டை தாங்காமல் அவரைத் தனி அறைக்குத் துரத்தியவளே அவள்தான். அந்த அறையிலிருந்து பதில் வரவில்லை. குறட்டையும் வரவில்லை.

அந்தக் கதவுக்குத் தாழ் கிடையாது. வெறுமனே சாத்தியிருந்தது. ஒரு விரலால் தள்ளினால் போதும்.

அவள் அதன் மேல் கையை வைத்தபடி நின்றுகொண்டிருந்தாள்.