ஏறியவர் பத்து, இறங்கியவர் பத்து

“பத்து பேரையும் உச்சியில விட்டுட்டு வந்துட்டேன். இனி அவங்க பாடு, மலை பாடு” என்றாள் வேனை ஓட்டி வந்த பெண், கொஞ்சமும் கலங்காமல்.

சோதனைச் சாவடிக் காவலர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். இருக்கைகளில் பத்து பைகள், கீழே பத்து ஜோடிச் செருப்புகள். ஆட்களைத்தான் காணோம். அவர் கை தானாக விசிலைத் தேடியது.

பக்கத்தில் இருந்த அவள் கணவன் பதறிப்போய்க் குறுக்கிட்டான். “சார், சார், ஊதிடாதீங்க! அவங்க சைக்கிள்ல எறங்கி வந்துடுவாங்க. அதுதான் எங்க தொழிலே!”

மலைச்சரிவில் சைக்கிளில் தலைதெறிக்க இறங்குவதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. இறங்குவதில் காட்டுகிற வீரத்தை அது ஏறுவதில் காட்டாது. அந்தச் சைக்கிள்களை மேட்டில் மிதித்தால் முட்டி கழன்றுவிடும். ஆட்களையும் சைக்கிள்களையும் மேலே கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் இந்தத் தம்பதி ஒரு வேனும், அதன் பின்னால் கட்டி இழுக்க ஒரு டிரெய்லரும் வாங்கியிருந்தார்கள்.

அதற்காக அவன் தன் சைக்கிள் கடையை விற்றான். அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டிய வேலையை விட்டாள். மலை நிர்வாக அலுவலகம் வேனுக்கும் புதுச் சைக்கிள் பாதைக்கும் சேர்த்து ஒரு மாதம் சோதனை அனுமதி கொடுத்திருந்தது. ஏறுபவர்களையும் இறங்குபவர்களையும் எழுதும் சாவடிப் பதிவேட்டைப் பார்த்த பிறகுதான் இரண்டுக்கும் நிரந்தர அனுமதி.

அனுமதி கிடைக்காவிட்டால் அவன் மச்சான் கடையில் பஞ்சர் ஒட்டப் போக வேண்டியதுதான். மச்சானோ இப்போதே தினமும் போன் போட்டு, “எப்ப வந்து சேர்றீங்க மாப்ளே?” என்று அன்பாகக் குசலம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் பத்துச் சைக்கிள்களும் கூச்சலும் சேறுமாக வந்து, தடுப்புக் கட்டையின் ஓரத்துச் சந்தில் புகுந்து வெளியே போய் நின்றன.

“இதோ வந்துட்டாங்க. எண்ணிக்கோங்க சார்” என்றாள் அவள்.

காவலர் பதிவேட்டிலிருந்து நிமிரவே இல்லை. “சைக்கிள் வாகனம் இல்லம்மா. அதுல வர்றவங்கள எழுத இங்க கட்டமே கிடையாது. உங்க வண்டியில பத்து பேர் ஏறியிருக்காங்க. உங்க வண்டியில எத்தனை பேர் எறங்குனாங்க?”

“யாரும் எறங்கல.”

“அப்ப பத்து பேரையும் காணோம்.”

காணாமல் போனவர்களில் ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். “அண்ணே, நான் இங்கதானே நிக்கிறேன்?”

“நீங்க நிக்கிறீங்க தம்பி. பதிவேட்டுல நிக்கலையே!”

சிவப்பு மையில் ‘பத்து பேர் காணவில்லை’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டார். மூன்று தடவை சிவப்பு மை விழுந்தால் அனுமதி ரத்து என்று தகவலும் சொன்னார். அன்று இரவு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

“எதுக்கு இப்படி இடிஞ்சுபோய் உக்காந்திருக்கீங்க? அவருக்கு வேண்டியது வண்டியில பத்து தலை. அவ்வளவுதானே?” என்றாள் அவள்.

மறுநாளிலிருந்து சாவடிக்கு இருபதடி முன்னால் வேனை நிறுத்திக் காத்திருந்தாள். சைக்கிளில் பறந்து வந்தவர்களை மறித்து, சைக்கிளை டிரெய்லரிலும் ஆளை வேனிலும் ஏற்றி, தலைகளை எண்ணிக்கொண்டு தடுப்பைத் தாண்டினாள். தாண்டியதும் எல்லோரையும் இறக்கிவிட்டாள்.

“இந்த இருபதடிக்கு வேன் எதுக்குக்கா?” என்று முனகியவர்களிடம், “ஏறு, கால உள்ள வை, பேசாம உக்காரு” என்றாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை மேய்த்த குரலுக்கு மீசைக்காரர்களும் கட்டுப்பட்டார்கள்.

காவலருக்கு முகம் மலர்ந்துபோயிற்று. ஏறியவர் பத்து, இறங்கியவர் பத்து. அச்சடித்ததுபோல எழுதினார். ஒரு நாள் ஒருவன் மட்டும் சந்து வழியாகச் சைக்கிளிலேயே நழுவப் பார்த்தான். கணவன் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து, “எங்க பொழப்புல மண்ணைப் போட்டுடாதப்பா!” என்று கெஞ்சி, தூக்காத குறையாக வேனில் ஏற்றினான்.

பாதையின் புகழ் பரவியது. நாளுக்கு ஒரு நடை மூன்று நடையானது. வரிசையில் நின்று இடம் பிடித்தார்கள்.

மாதக் கடைசியில் மலை நிர்வாக அதிகாரி சாவடிக்கு வந்தார். பதிவேட்டை ஒவ்வொரு பக்கமாக, விரலில் எச்சில் தொட்டுப் புரட்டினார். கணவனும் மனைவியும் பரீட்சை முடிவுக்கு நிற்கிற பிள்ளைகள்போல நின்றார்கள்.

“முதல் நாள் பத்து பேர் காணோம்னு இருக்கே?”

“மறுநாளே கெடைச்சுட்டாங்க சார்” என்றார் காவலர், தாமே தேடிக் கண்டுபிடித்தவர்போல.

“அதுக்கப்புறம் ஒரு தலைகூடக் குறையல. எத்தனையோ வண்டிக்காரங்களைப் பார்த்திருக்கேன். இவ்வளவு சுத்தமான பதிவேட்டைப் பார்த்ததில்லை. உங்க வேனுக்கு நிரந்தர அனுமதி!” என்று முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

எதற்கும் அழாதவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் உடனே மச்சானைக் கூப்பிடப் போனை எடுத்தான்.

அதிகாரி பதிவேட்டை மூடிக் காவலரிடம் நீட்டினார்.

“அந்தச் சைக்கிள் பாதையை மட்டும் இன்னையோட மூடிடுங்க. ஒரு மாசத்துல ஒருத்தர்கூட அதுல எறங்கலையே!”