விரல் கேட்ட லெப்டொப்

ஒன்பதாவது தடவையும் பெருவிரலை விரல் பூட்டின் மேல் இழுத்துப் பார்த்தாள் கிருஷாந்தி. லெப்டொப்பில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. அது அவளை உள்ளே விடுவதாக இல்லை.

யாரும் கவனிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பழையபடி பாஸ்வேர்டை அடித்துத் திறந்தாள். இந்த வழியும் இன்றோடு சரி. நாளை முதல் விரல் வைத்தால்தான் திறக்கும் என்று கொழும்புத் தலைமைக் காரியாலயம் கடிதம் அனுப்பியிருந்தது.

பதுளையில் இருந்த அந்தக் காப்புறுதிக் கம்பனிக் கிளைக்கு ஆளுக்கொரு புது லெப்டொப் வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. அன்றிலிருந்து வேலையை விட அதைப் பற்றிய பேச்சுத்தான் அதிகம். ஃப்ளொப்பி போடும் இடத்தைக் காணோம் என்று பார்த்தீபன் துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி அலைந்தான். திரைக்கு மேலே இருக்கும் கெமரா தன்னையே முறைக்கிறது என்று ஜெனீரா அதன் மேல் பிளாஸ்டர் ஒட்டிவிட்டாள்.

விரல் பூட்டு மட்டும் எல்லோருக்கும் பிடித்துப்போனது. சும்மா இருக்கும் நேரத்திலும் மூடி மூடித் திறந்தார்கள். முகாமையாளர் லீலாதேவி சுண்டு விரலை மட்டும் நாசூக்காக நீட்டித் திறப்பார். யாழ்ப்பாணத்துப் பெரிய வீட்டு நளினம் அது என்று, அவர் இல்லாத நேரம் பார்த்தீபன் நடித்துக் காட்டுவான்.

புதிய மாற்றங்கள் பற்றி ஒவ்வொருவரும் கருத்து எழுதித் தரவேண்டுமென்று ஒரு படிவமும் வந்திருந்தது. நாலு மணிக்குள் முகாமையாளரிடம் கொடுக்க வேண்டும். கிருஷாந்தியின் படிவத்தில் பெயரைத் தவிர வேறொன்றும் இல்லை.

லெப்டொப்களைப் பொருத்திக் கொடுக்க வந்த டெக்னீசியன், பெருவிரலோ ஆள்காட்டி விரலோ வைத்தால் போதும் என்று சொல்லிக் கொடுத்தான். போகிற போக்கில் ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டுப் போனான்.

"தேயிலைக் கொழுந்து எடுக்கிற கையின்னா ரேகை தேஞ்சிருக்கும், இது எடுக்காது. ஒபிஸ்ல இருக்கிறவங்களுக்குப் பிரச்சினையே வராது."

எல்லோரும் சிரித்தார்கள். கிருஷாந்தியும் சிரித்தாள், கையை மேசைக்கடியில் வைத்துக்கொண்டு.

பசறை டவுனில் அப்பாவுக்குக் கடை என்று சொல்லித்தான் அவள் இங்கே வேலைக்குச் சேர்ந்தாள். கடை மாமாவுடையது, விலாசம் மட்டும் இரவல். அவள் வீடு டவுனுக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றாக இருந்தது. ஏ.எல். பரீட்சை முடித்து நாலு வருஷம் கொழுந்து எடுத்தவள், இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு கூடையை மாட்டிக்கொண்டு மலையேறுகிறாள்.

வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. இதற்கு முன் போன இரண்டு இண்டர்வியூவிலும் லயத்து விலாசத்தைப் பார்த்ததுமே, பிறகு அறிவிப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது இடத்தில் விலாசத்தை மாற்றினாள், வேலை கிடைத்தது. அடுத்த மாதம் நிரந்தரமாக்குவார்கள். அதற்குள் இப்படி ஒரு பூட்டு வந்து தொலைந்திருக்கிறது.

ரேகை தெரியட்டும் என்று விரல்களில் தேசிக்காய்ச் சாறு தேய்த்தாள். தேங்காயெண்ணெய் தடவினாள். முந்தின நாள் முழுக்கக் கையைத் துணியால் சுற்றிக்கொண்டு திரிந்தாள், அடுப்பில் சுட்டுவிட்டதா என்று அம்மா கேட்டாள்.

மணி மூன்றே முக்கால். உட்கார முடியவில்லை. இரண்டு தடவை தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். கடைசியில் படிவத்தில் ஒரே ஒரு வரி எழுதினாள். 'விரல் பூட்டு வேண்டாம், பாஸ்வேர்டே நல்லது.' அதைக் கொண்டுபோய் முகாமையாளரின் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"நில்லும் பிள்ளை," என்றார் லீலாதேவி. "எல்லாரும் இதைத்தான் நல்லம் எண்டு எழுதியிருக்கினம். உமக்கு மட்டும் ஏன் பிடிக்கேல்ல?"

மெசினில் ஏதோ கோளாறு என்று முணுமுணுத்தாள்.

"கோளாறெண்டால் நான் கொழும்புக்கு எழுதோணும். கொண்டு வாரும், பாப்பம்."

கொண்டு வந்தாள். வேறு வழியில்லாமல் பெருவிரலை இழுத்தாள். சிவப்பு விளக்கு. ஆள்காட்டி விரலுக்கும் சிவப்புத்தான். லீலாதேவி எட்டி அவள் கையைப் பிடித்து, விரல்களைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். வெடிப்புகளுக்குள் தேயிலைக் கறையின் கறுப்புக் கோடுகள் போகாமல் கிடந்தன.

கிருஷாந்தி, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று எல்லாவற்றையும் சொன்னாள். கடை, மாமா, லயம், ஞாயிற்றுக்கிழமை, ஒன்றையும் விடவில்லை.

"கொழும்புக்கு எழுதிறாதீங்க மேடம். இந்த வேலைய நம்பித்தான் வீடே இருக்கு."

லீலாதேவி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். வெளியே பார்த்தீபனின் சிரிப்புச் சத்தம் நின்றுபோனது. திரும்பி வந்தவர் லெப்டொப்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். அவர் குரல் தாழ்ந்தது. அதில் அதுவரை இருந்த யாழ்ப்பாணம் இப்போது இல்லை.

"சுண்டு விரல வச்சுப் பாரு, புள்ள. எனக்கும் கொழுந்து அது ஒண்ணத்தான் விட்டு வச்சுச்சு."