வளர்மதிக்கு ஒரு குட்டியானை

"நீ குனியாத. நான் எடுக்கிறேன்" என்று குத்துவிளக்கை வளர்மதியின் கையிலிருந்து பிடுங்கினாள் மாமியார் நாகம்மாள். பழைய புடவையில் சுற்றி, அண்டாவுக்குள் நிறுத்தி, ஆடாமல் இருக்கச் சுற்றிலும் கிண்ணங்களைச் செருகினாள்.

வளர்மதிக்குச் சிரிப்பு வந்தது. நாள் பூரா கலவைச் சட்டி தூக்கிவிட்டு வந்து விழுகிற மருமகளுக்கு, நாலு வருஷத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு கொடுத்ததில்லை இந்த நாகம்மாள். "எம் மருமவ வயிறு கோட்டை மலையாட்டம். வெறும் பாறை" என்று குழாயடியில் நின்று சிரித்த வாய்தான்.

நேற்றுக் காலை மெடிக்கலில் வாங்கிய அட்டையில் இரண்டு கோடு விழுந்தது. வேலைக்குப் போகாமல் நேரே நர்சம்மாவிடம் போனாள். பேரைப் பதிந்துகொண்டு மாத்திரை கொடுத்தாள் நர்சம்மா.

"இனிமே சட்டியத் தொடாத. மாத்திரைய வுடாத. அடுத்த வாட்டி ஒன் வூட்டுக்காரரையும் இட்டுனு வா, அவருக்கும் ரத்தம் பாக்கணும்."

வீட்டுக்காரன் பாலமுரளி ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்தான். போன மாசம் மூன்று நாள் லீவில் வந்தபோது, "ஒரு கொழந்த வரட்டும், ஒன்ன ஓசூருக்கே கூட்டிட்டுப் போயிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் வளர்மதி மற்ற பேச்சையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தாள்.

அவனிடம் சொல்லப் போனை எடுத்தபோது நாகம்மாள்தான் தடுத்தாள். "இன்னா அவசரம்? மொதல்ல தொண்டூருக்குப் போயி சேரு. வாயும் வயிறுமா இருக்கிறவ, ஒங்கம்மா கையால துன்னாதான் ஒடம்புல ஒட்டும்."

"ஒம்போதாம் மாசந்தான அத்த தாய் வூட்டுக்கு அனுப்புவாங்க?"

"மத்த மாமியாருங்க அனுப்புவாளுங்க. நான் இப்பவே அனுப்புவேன்."

பஸ்ஸில் போனால் குலுங்கும் என்று குட்டியானை வண்டி வேறு பிடித்திருந்தாள். அண்டா ஏறியது. குடம் ஏறியது. மிக்சி ஏறியது. கடைசியில் டிரைவர் குருவும் பக்கத்து வீட்டுக்காரரும் பீரோவைத் தூக்கி வந்தார்கள்.

"பீரோ எதுக்கு அத்த? அங்க வைக்க எடமே இல்ல."

"கொழந்த துணிய தரையிலயா போட்டு வைப்ப? ஏறு, வெயிலு வந்துடப் போவுது."

கயிற்றை இறுக்கிக் கட்டிய குரு, "இன்னாம்மா, வூட்டையே காலி பண்றீங்களா?" என்றான்.

"இல்லண்ணா. பொறந்த வூட்டுக்கு" என்று வயிற்றில் கை வைத்துச் சொன்னாள் வளர்மதி. சொல்லும்போதே முகம் சிவந்தது.

வண்டி செஞ்சியைத் தாண்டி வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே போகும்போது பாலமுரளியே போன் பண்ணினான்.

"கெளம்பிட்டியா?"

"கெளம்பிட்டேன் மாமா. அத்த எதனா சொன்னாங்களா?"

"சாமானெல்லாம் ஏத்தி உட்டுச்சா அம்மா?"

"பீரோகூட வந்துடுச்சு மாமா."

"எதுவும் பாக்கி இல்லியே? அப்புறம் அது இல்ல, இது இல்லன்னு ஒங்க நைனா ஸ்டேஷன்ல போயி நிக்கக் கூடாது."

அவன் ஏதோ விளையாடுகிறான் என்று நினைத்துக்கொண்டாள். டிரைவருக்குக் கேட்காதபடி முந்தானையால் வாயை மறைத்து, நேற்றிலிருந்து அடக்கிவைத்திருந்ததைச் சொன்னாள்.

"மாமா, நான் தல முழுகாம இருக்கேன்."

மிஷின் ஓடுகிற சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னான் பாலமுரளி.

"நீ முழுகாம இரு. நான் ஒன்ன தல முழுகிட்டேன்."