கொல்லைப்புறக் காட்டுவாசி

"ஏண்டி, உன் புருஷன் அந்த மரக்கட்டையோட என்ன மல்லுக்கட்டிக்கிட்டிருக்காரு?"

படுக்கையறை ஜன்னல் வழியாகப் பார்த்துக் கேட்டாள் மாமியார். கணுக்கால் எலும்பு முறிந்து, மாவுக்கட்டோடு மகள் வீட்டுக்கு வந்த புதிது.

"நெருப்பு மூட்டறாரும்மா. குச்சியால கட்டையைக் கடைஞ்சு."

"ஏன், வீட்ல தீப்பெட்டி இல்லையா?"

"காட்டுல மாட்டிக்கிட்டா எப்படி உயிர் பிழைக்கறதுன்னு பழகறாராம்."

"மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குக் காட்டுல என்னடி வேலை? கரடிக்குக் கண்ணாடி மாட்டப் போறாரா?"

அதற்குள் கொல்லையில் மாப்பிள்ளை துள்ளிக் குதித்தார்.

"புகை! புகை வந்துடுச்சு!"

புகை வந்தது பக்கத்து வீட்டு அடுப்படியிலிருந்து.

நாளாக நாளாகக் கிறுக்கு முற்றியது. கிளைகளைச் சுவரில் சாய்த்து, மேலே இலைதழையைப் போட்டு ஒரு குடிசை கட்டினார். கட்டிய அன்றே தலையணையைத் தூக்கிக்கொண்டு அதற்குள் குடிபோய்விட்டார்.

குழாயடியில் உட்கார்ந்தே, சேற்றுத் தண்ணீரை மணலிலும் கரியிலும் வடிகட்டினார். முன்பு சேறாக இருந்த தண்ணீர், வடிகட்டியதும் மையாகிவிட்டது.

காந்தத்தில் தேய்த்த ஊசியைத் தண்ணீரில் மிதக்கவிட்டு வடக்கைத் தேடினார். ஊசி வாஷிங்மெஷினைக் காட்டியது.

முயலுக்குக் கண்ணி வைத்தார். சிக்கியது பின்வீட்டு ஓவிய வாத்தியார்.

"என் சட்டை காத்துல பறந்து இங்க விழுந்துச்சு. அதை எடுக்கத்தாங்க வந்தேன்" என்றார் அவர், ஒற்றைக் காலில் நின்றபடி.

ஒருநாள் மாப்பிள்ளை ஒரு செடியைப் பிடுங்கி, "இதைத் திங்கலாம்னு புத்தகத்துல போட்டிருக்கு அத்தை" என்று வாயில் போட்டு மென்றார். வேறு செடியாம். மறுநாள் உதடு வீங்கி, கடையில் "எழுத்து தெரியுதா?" என்று அவர் கேட்டது ஒருத்தருக்கும் புரியவில்லை.

மாமியாருக்குப் பொறுமை போய்விட்டது. ஊன்றுகோலைத் தட்டித் தட்டிக் கொல்லைக் கதவு வரைக்கும் வந்தாள்.

"மாப்பிள்ளை, நான் காலை உடைச்சுக்கிட்டுக் கிடக்கேன். ஆபீசையும் என்னையும் பார்த்துக்கிட்டு என் பொண்ணு ஒண்டியா அல்லாடறா. உங்களுக்கு இப்பத்தான் வனவாசம் கேக்குதா?"

"பயிற்சியைப் பாதியில விட்டா எல்லாம் மறந்துடும் அத்தை."

"நல்லாத்தான் இருக்கு. உங்களைக் காட்டுக்குள்ள விட்டா, மிருகமெல்லாம் ஊருக்குள்ள ஓடி வந்துடும்!"

கட்டிலுக்குத் திரும்பியவள், "உன் தலையெழுத்துடி" என்று மகளிடம் மூக்கைச் சிந்தினாள்.  மகளுக்கும் அவர்மேல் கோபம்தான்.

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. குடிசை பொத்தென்று உட்கார்ந்தது. தலையெல்லாம் சருகோடு, நனைந்த தலையணையைக் கட்டிக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார் மாப்பிள்ளை.

மனைவி துண்டை எடுத்து நீட்டினாள்.

"கூத்தடிச்சது போதுங்க. உள்ள வாங்க. ஹால்ல படுக்கையைப் போடறேன்."

"மெதுவா பேசு. அத்தை என்ன பண்றாங்க?"

"படுத்துக்கிட்டு ரேடியோ கேக்கறாங்க. ஏங்க, மண்புழுவைப் பார்த்தாலே நாற்காலி மேல ஏறுற ஆளு நீங்க. கொசு கடிச்சு முகமெல்லாம் தடிச்சுக் கிடக்கு. யாருக்காக இந்தப் பிடிவாதம்?"

அவர் படுக்கையறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நம்ம வீட்ல இருக்கறது ஒரே ஒரு ரூம். உன் அண்ணன் அவர் வீட்ல ரூமை விட்டுக்கொடுத்துட்டு ஹால்ல படுத்ததைப் பார்த்ததும், 'என்னாலதானே புள்ளைக்குக் கஷ்டம்'னு கட்டுப்போட்ட காலோட மறுநாளே பெட்டியைத் தூக்கினவங்கடி உங்கம்மா. கிறுக்குப் பிடிச்சு நானா வெளிய படுத்தா, எனக்காக யாரும் கட்டிலைக் காலி பண்ண மாட்டாங்கல்ல?"