இடப்பக்கத்து முகம்

மயிலாப்பூர் தெற்கு மாட வீதி அழகு நிலையத்தின் மாடி. பாதி சாத்திய ஜன்னல் வழியே மதிய வெயில் ஒரு கோடாக விழுகிறது. நாற்காலியில் சாய்ந்திருக்கும் சிம்ரா, உரிமையாளர் ஜொவிட்டாவிடம் கைபேசியை நீட்டுகிறாள். "என் கன்னத்தைப் போட்டோ புடிச்சுத் தேடினேன் மேடம். இதே மாதிரி மங்கு இருக்கிற மூஞ்சி வந்துச்சு, கீழ உங்க கடைப் பேரு. திருவான்மியூர்லேர்ந்து ஓடியாந்தேன்." ஒரே பெண்ணின் இரண்டு படங்கள்: இடப்பக்கம் கன்னமெல்லாம் கருந்திட்டு, வலப்பக்கம் பளபளப்பு. சிம்ராவின் முகத்தைப் பஞ்சால் துடைக்கும் கடைப் பணிப்பெண் டெல்பின் கைபேசிப் பக்கம் திரும்புவதில்லை. படத்தில் இருப்பது அவள்தான். இடப்பக்கத்து முகம் அப்படியே இப்போதும் முகக்கவசத்துக்குள் வியர்க்கிறது. வலப்பக்கம் வெறும் பவுடரும் விளக்கும். கடையில் விற்கும் மங்கு கிரீமைத் தனக்கும் போடச் சொல்லிப் போன மாதம் கேட்டபோது, "உன் மூஞ்சி சரியாயிட்டா எவ தேடி வருவா?" என்று ஜொவிட்டா சிரித்தாள். "இவங்க இப்ப எப்படி இருக்காங்க மேடம்?" என்று படத்தைக் காட்டிக் கேட்கிறாள் சிம்ரா. "கல்யாணமாகி துபாய்ல ஜோரா இருக்கா." கீழே ஓர் ஆட்டோ விடாமல் ஹாரன் அடிக்கிறது. "பாவம், இந்த மூஞ்சிய வெச்சுக்கினு எப்படித்தான் வெளிய வந்தாளோ," என்கிறாள் சிம்ரா. பஞ்சு ஒரு கணம் கன்னத்திலேயே நிற்கிறது. ஜொவிட்டா தன் கைபேசியைத் தூக்குகிறாள். "கிரீம் போடறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ. டெல்பின், வெளிச்சம் பத்தல." டெல்பின் போய் ஜன்னலை முழுக்கத் திறக்கிறாள். திரும்பி வந்து, சிம்ராவின் தாடையை இரு விரலால் பிடித்து, ஒரு திட்டும் தப்பாதபடி வெயிலுக்குத் திருப்புகிறாள். "சிரிக்காதீங்க," என்கிறாள்.